புறசாதிப் பண்டிகையும் எங்க வூட்டுப் பானையும்

பொங்கலுக்கு முதல் நாள் எங்க வூட்ல ஒரு வழக்கு நடக்கும். வருஷா வருஷம் அதே வழக்குதான். செங்கல்பட்டுப் பக்கத்துக் காலனி எங்களுடையது. உபதேசியார் வந்து வாசல்ல நின்னுகிட்டு, 'அஞ்ஞானப் பண்டிகை நமக்கு எதுக்கும்மா, சபையில அறுப்பின் பண்டிகை இருக்கே' என்பார். அம்மா தலையாட்டுவாள். அவர் தெருமுனை திரும்பியதும் புதுப்பானையைக் கழுவ ஆரம்பிப்பாள். ஆயா மட்டும் திண்ணையிலிருந்து முணுமுணுக்கும்: 'பொங்க வெச்சா இன்னா, வெக்காட்டி இன்னா, ஊரானுக்கு மேளம் அடிக்கப் போவக் கூடாது. அதான் வேதம்.'

வேதத்தில் சேர்ந்தவர்கள் புறமதப் பண்டிகைகளை என்ன செய்வது என்ற கேள்விக்கு ஆயா சொன்னதைவிட நேரான பதிலை நான் எம்.ஏ. படித்தும் எந்தப் புத்தகத்திலும் பார்க்கவில்லை. அது சரியான பதில்தானா என்று சரித்திரத்தில் கொஞ்சம் தேடிப் பார்ப்போம்.

முதலில் வார்த்தையைப் பார்க்க வேண்டும். கத்தோலிக்கர் 'அஞ்ஞானி' என்றார்கள். புராட்டஸ்டண்ட் வேதாகமம் 'புறஜாதியார்' என்றது. ஊருக்கு வெளியே புறத்தில் வைக்கப்பட்ட சேரிச் சனத்தின் காதில் இந்த வார்த்தை எப்படி விழுந்திருக்கும்? ஊருக்கும் நாம் புறசாதி, வேதத்துக்கும் நாம் புறசாதி. போதாததற்குப் பாதிரியாரை 'ஐயர்' என்று கூப்பிட வேறு கற்றுக் கொடுத்தார்கள்.

1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் டி நொபிலி பொங்கலைத் தடுக்கவில்லை. சிலுவையை நட்டு அதன் அடியில் பொங்க வைத்துக்கொள்ளலாம் என்று அனுமதித்தார். நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் பொங்கலை ஏற்ற அதே கையால் சாதியையும் ஏற்றார். பூணூல் உலக வழக்கம், மதம் அல்ல என்று வாதாடினார். பண்டிகைக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது சாதிக்கும் சேர்த்தே கொடுத்துவிட்டார்கள்.

அதற்கு எதிர்ப்பு ரோமிலிருந்து வந்தது. 1704இல் புதுச்சேரியில் டூர்னோன் என்ற போப்பின் தூதர் ஒரு தடையாணை பிறப்பித்தார். 'மலபார் சடங்குகள்' சச்சரவு என்று சரித்திரத்தில் சொல்வது இதைத்தான். அந்த ஆணையில் இரண்டு விஷயங்களை நாம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். கிறிஸ்தவ வாத்தியக்காரர்கள் கோயில் திருவிழாக்களில் வாசிக்கக் கூடாது என்பது ஒன்று. பறையர் வீட்டில் நோயாளி இருந்தால் பாதிரியார் அந்த வீட்டுக்குள் போய்த்தான் சாங்கியம் கொடுக்க வேண்டும் என்பது இன்னொன்று. பண்டிகையைத் தடுத்ததில் யாருக்கும் பெரிய நஷ்டமில்லை. சேரி வீட்டுக்குள் நுழையச் சொன்னதுதான் அடிவயிற்றில் கை வைத்தது. கடைசியில் 1744இல் பதினான்காம் பெனடிக்ட் போப் தீர்ப்புச் சொன்னபோது, பறையருக்குத் தனிப் பாதிரிமார் வைத்துக்கொள்ளலாம் என்று வழி விட்டார்கள். சடங்கு போனது, சேரி அப்படியே நின்றது.

எங்க மாவட்டத்துக்கு வருவோம். 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் டிரமென்ஹீர் பறையர் நிலைமை பற்றி ஒரு குறிப்பு எழுதினார். அதன் தொடர்ச்சியாக 1892இல் வந்த அரசாணைதான் பஞ்சமி நிலத்துக்கு மூலம். அதே காலத்தில் ஸ்காட்லாந்து மிஷனைச் சேர்ந்த ஆடம் ஆண்ட்ரூ செங்கல்பட்டுப் பக்கம் மெல்ரோசாபுரம் போன்ற குடியிருப்புகளை உண்டாக்கினார். நம்ம சனம் அங்கே போனது வேதம் படிக்க மட்டுமா? மிராசுதாரன் கையை விட்டு வெளியே வரவும்தான் போனது. ஊர்ப் பொங்கல் என்றால் நமக்கு என்ன இருந்தது? பறையடிப்பதும், செத்த மாட்டை இழுப்பதும், கைநீட்டிப் பொங்கல் காசு வாங்குவதும்தானே இருந்தது. 'நாங்க வேதத்துல சேந்துட்டோம், வரமாட்டோம்' என்று சொல்ல அந்த மதம் ஒரு வாயைக் கொடுத்தது. ஆயா பேசியது அந்த வாயால்தான். 1956இல் நாக்பூரில் அம்பேத்கர் மக்களுக்குக் கொடுத்த 22 உறுதிமொழிகளிலும் பழைய தெய்வங்களையும் திதியையும் விடச் சொன்னார். சடங்கு சும்மா வருவதில்லை, படிநிலையைத் தூக்கிக்கொண்டுதான் வருகிறது என்பது அவருக்குத் தெரியும்.

அப்படியானால் எல்லாப் பண்டிகையையும் தூக்கி எறிவதா? மூலம் தேடிப் போனால் எது மிஞ்சும்? டிசம்பர் 25 சூரிய வணக்கத்து நாள் என்று ஒரு கட்சி, இல்லை என்று ஒரு கட்சி, இன்றும் அறிஞர்கள் சண்டை போடுகிறார்கள். நம்ம அயோத்திதாசப் பண்டிதர் 'தமிழன்' பத்திரிகையில் தீபாவளியை எள்நெய் கண்டறிந்து தலைமுழுகிய பௌத்தர் நாள் என்று எழுதினார். மூலம் பறிபோனது என்றால் திருப்பிப் பிடுங்கலாம் என்பது அவர் வழி. மாமல்லபுரம் கடற்கரைக்கு மாசி மகத்தன்று போய்ப் பாருங்கள். இருளர்கள் மணலில் குடில் போட்டுக் கன்னியம்மாவைக் கும்பிட்டு, அங்கேயே கல்யாணம் பேசி முடிக்கிறார்கள். பல்லவன் கோயிலும் வேண்டாம், பூசாரியும் வேண்டாம். அந்தப் பண்டிகையில் யாரும் யாருக்கும் அடிமை வேலை செய்வதில்லை. அதையும் ஊர்த் தேரையும் ஒரே 'அஞ்ஞானம்' என்ற சாக்கில் கட்டலாமா?

பறைக்கும் இதே கேள்விதான். மதுரை இறையியல் கல்லூரியில் தியாபிலஸ் அப்பாவு பறையை ஆராதனைக்குள் கொண்டுவந்தார். ஆயா இருந்திருந்தால் சண்டைக்குப் போயிருக்கும். ஆனால் ஊரானுக்கு அடிப்பதும் நமக்காக நாமே அடிப்பதும் ஒன்றில்லை.

இதற்குள் சட்டம் வேறு வந்து வாசலில் நிற்கிறது. 1950ஆம் ஆண்டு ஆணைப்படி இந்து அல்லாதவர் பட்டியல் சாதி இல்லை. சீக்கியருக்கு 1956இல் திறந்தார்கள், பௌத்தருக்கு 1990இல் திறந்தார்கள், கிறிஸ்தவருக்கு இன்றுவரை திறக்கவில்லை. அதனால் நம்ம வூட்டுச் சுவரில் தொங்கும் படம்கூடச் சாட்சியாகிவிடுகிறது. ஒரு பெண் டாக்டரின் கிளினிக்கில் சிலுவை இருந்ததை வைத்துச் சாதிச் சான்றை ரத்து செய்தார்கள். சிலுவை மாட்டியதால் மதம் மாறியதாகிவிடாது என்று 2021இல் உயர்நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. கோலம் போட்டால் சபையில் கேள்வி, ஸ்டார் கட்டினால் தாலுகா ஆபீசில் கேள்வி. மேல்சாதிக் கிறிஸ்தவன் பொங்கலிட்டால் அது பண்பாடு, நாம் பொங்கலிட்டால் பின்வாங்கல்.

நான் என் பிள்ளைக்குச் சொல்வது இதுதான். ஒரு பண்டிகையின் பிறப்புச் சான்றைக் கேட்காதே. அதில் நீ எங்கே நிற்க வைக்கப்படுகிறாய், யாருக்கு யார் வேலை செய்கிறார், வேகும் அரிசி யார் நிலத்தது என்று கேள். தீபாவளிக்குப் பக்கத்து வீட்டு அக்கா அதிரசம் கொடுத்தால் வாங்கிக்கொள். பவுல்கூடப் படையல் சோற்றைப் பற்றி அவ்வளவு பயப்படவில்லை. ஊர்க்காரன் வாசலில் கைநீட்டி வாங்காதே.

எனக்குத் தெரிந்து எங்க மாவட்டத்துக்குத் தப்பாமல் ஒரு நாள் உண்டு, அக்டோபர் 10. காரணைப் பஞ்சமி நிலத்துக்காகப் போராடி 1994இல் செங்கல்பட்டில் போலீஸ் குண்டுக்குச் செத்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் பெயர் ஜான் தாமஸ், இன்னொருவர் பெயர் ஏழுமலை. குண்டு பெயரைக் கேட்டுப் பாயவில்லை. அந்த நிலத்து நெல் நம்ம பானையில் வேகிற அன்றைக்கு உபதேசியாரையும் சாப்பிடக் கூப்பிடுவேன்.