டைனமோவிலை பாடின றேடியோ

உங்கட போனிலை எஃப்.எம். இருக்கோ எண்டு ஒருக்கால் தேடிப் பாருங்கோ. பழைய பட்டன் போன்களில் பெரும்பாலும் இருந்தது. ஹெட்செற் வயரைக் குத்தினால்தான் வேலை செய்யும், ஏனெண்டால் அந்த வயர்தான் அதுக்கு அன்ரனா. 2016இல் வந்த ஐபோன் 7 வயர் குத்துற துளையையே எடுத்துவிட்டது. மற்றக் கொம்பனிகளும் ஒவ்வொன்றாக அதே வழியில் போயின. துளையோடு சேர்ந்து றேடியோவும் போய்க்கொண்டிருக்கிறது.

கொழும்பில் வானொலி ஒலிபரப்பு தொடங்கியது 1925 டிசம்பரில். ஆனால் எங்கட வீட்டுக் கதைகளில் வாற றேடியோ 1990களுக்குரியது. 1990 ஜூனில் யுத்தம் திரும்பத் தொடங்கின பிறகு யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை. தடை செய்யப்பட்ட சாமான்களில் பற்றரியும் ஒன்று. அப்ப சனம் என்ன செய்தது? சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையாலை சுத்தி, டைனமோவிலை றேடியோ கேட்டது.

இது ஏதோ மாயவித்தை இல்லை. சைக்கிள் டைனமோ வழக்கமாக 6 வோல்ற், 3 வாற். ஒரு சின்ன றேடியோவுக்கு அது தாராளம். டைனமோ தருவது ஆடலோட்டம், றேடியோவுக்கு வேணுமானது நேரோட்டம். அதுக்கு இடையிலை டயோட்டுகளைப் போட்டார்கள். சுத்துற பெடியனுக்குக் கை உளைஞ்சால் செய்தி வாசிக்கிறவரின்ரை குரலும் அமுங்கிப் போகும். "டேய், சுத்தடா!" எண்டு பின்னாலை இருந்து ஏச்சு விழும். (அப்பா இதைச் சொல்லேக்கை இப்பவும் தோளைத் தடவுவார்.)

அப்படிக் கேட்டதில் முக்கியமானது பிபிசி தமிழோசை. சிற்றலை அயனமண்டலத்தில் பட்டுத் தெறித்துக் கடல் தாண்டி வரும். எந்தச் சோதனைச்சாவடியும் அதை மறிக்கேலாது. 1941இல் தொடங்கிய அந்த வானொலிச் சேவை 2017 ஏப்ரல் 30உடன் நின்றது. அப்பப்பா அதுக்குப் பிறகும் கொஞ்ச நாள், அதே நேரத்துக்கு றேடியோவைப் போட்டு இரைச்சலைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அதே 2017இல்தான் நோர்வே தன்ரை தேசிய எஃப்.எம். சேவைகளை நிறுத்தி டிஜிற்றல் வானொலிக்கு மாறியது. உலகத்தில் அப்படிச் செய்த முதல் நாடு அது. ஒலி தெளிவு, அலைவரிசைகள் கூட, செலவு குறைவு எண்டு காரணங்கள் சொன்னார்கள். பிழையான காரணங்கள் இல்லை. ஆனால் ஒரு நாட்டின் பழைய பெட்டிகள் எல்லாம் ஒரே வருசத்தில் அந்தச் சேவைகளுக்கு ஊமையாகிப் போயின.

எங்களுக்கு இதிலை என்ன? 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினபோது யோசித்துப் பாருங்கோ. போன் கோபுரத்தின்ரை பற்றரி இறங்கினால் சிக்னலும் போய்விடும். அப்படி நூற்றுக்கணக்கான கோபுரங்கள் உயிரோடை இருக்கவேணும். வானொலிக்கு ஒரு மாவட்டத்துக்கே ஒரு ஒலிபரப்பி, ஒரு ஜெனரேற்றர், கேட்கிறவன் கையிலை இரண்டு சின்னப் பற்றரி காணும். டேற்றாவும் தேவையில்லை, நீங்கள் என்ன கேட்கிறீர்கள் எண்டு ஆருக்கும் தெரியவும் வராது.

எங்கட வீட்டு டைனமோ இப்பவும் கோடிப்புறத்திலை துருப்பிடிச்சுக் கிடக்குது. அதைப் பூட்ட இப்ப வீட்டிலை சைக்கிள்தான் இல்லை.