சாரதியின் கோத்திரமும் மண்ணெண்ணெய் மோட்டார் சைக்கிளும்

ஜாக் லண்டன் 1912இல் ‘த ஸ்கார்லெட் பிளேக்’ என்றொரு குறுநாவலை வெளியிட்டார். கதை நடப்பது 2073இல். அதற்கு அறுபது வருடம் முந்தி, 2013இல், ஒரு கொள்ளைநோய் வந்து மனிதரை ஏறத்தாழத் துடைத்துவிட்டது. ஆட்டுத்தோல் உடுத்திய ஒரு கிழவரும் அவருடைய பேரனும் சான் பிரான்சிஸ்கோப் பக்கம் ஒரு காட்டுவழியில் நடந்து வருகிறார்கள். அந்த வழி ஒருகாலத்தில் ரயில் போன மேடு. இரண்டு பக்கமும் மரம் ஏறி மூடி, ஒற்றையடிப் பாதை மட்டும் மிஞ்சியிருக்கிறது.

கிழவர் ஒருகாலத்துப் பல்கலைக்கழகப் பேராசிரியர். அவர் சொல்லும் பழங்கதையில் வருகிற ஒரு ஆள்தான் இங்கே எனக்கு முக்கியம். அவன் ஒரு கார்ச் சாரதி. நோய்க்குப் பிறகு அவன் ஒரு பெரும் பணக்காரரின் மனைவியை அடிமையாக்கி வைத்திருக்கிறான். அவனுடைய வம்சத்துக்கு ‘சோஃபர்’ கோத்திரம் எண்டு பெயர். அது ஒரு தொழிலின் பெயர் என்பது பேரப்பிள்ளைகளுக்குத் தெரியாது. கார் போய்விட்டது, காரோட்டியின் பெயர் மட்டும் சாதிப்பெயர் மாதிரி நிற்கிறது.

லண்டன் தன்னைச் சோசலிஸ்ட் என்று சொல்லிக்கொண்டவர். அப்படியிருந்தும் இந்தக் கதையில் புத்தகம் படித்தவர் பாவப்பட்ட மனிதர், இயந்திரம் தெரிந்த தொழிலாளி மிருகம். கதையைச் சொல்வது பேராசிரியர்தானே, அவருடைய வர்க்கப் புத்தி அப்படித்தான் பேசும் என்று லண்டனுக்காக வாதாடலாம். எனக்கு அது முழுக்கத் திருப்தியில்லை. ஆனால் இந்தச் சாரதியைப் பிடித்துக்கொண்டு போனால், பேரழிவுக்குப் பின்னான புனைவுகளின் நூறு வருட வரலாற்றில் ஒரு நல்ல கேள்வி கிடைக்கும். உலகம் நின்றுபோன பிறகு வண்டியை யார் ஓட்டுகிறார் என்பதைக் கதைகள் விழுந்துவிழுந்து சொல்கின்றன. அதை யார் திருத்துகிறார்?

இந்த வகைக் கதைகள் தொடங்கியபோது திருத்த அதிகம் இருக்கவில்லை. மேரி ஷெல்லியின் ‘த லாஸ்ட் மான்’ 1826இல் வந்தது. கதை இருபத்தோராம் நூற்றாண்டின் கடைசியில் நடந்தாலும் ஆட்கள் குதிரையிலும் பாய்க்கப்பலிலும்தான் போகிறார்கள். வசதியானவர்கள் பறக்கும் பலூனில். இங்கிலாந்தின் ஸ்ரொக்டன் - டார்லிங்டன் ரயில் பாதை திறக்கப்பட்டே சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. றிச்சர்ட் ஜெஃப்ரிஸ் 1885இல் ‘ஆஃப்டர் லண்டன்’ எழுதும்போது நாடு முழுக்க ரயில். அவர் அதையெல்லாம் காட்டுக்குள் புதைத்துவிட்டு, கதாநாயகனைத் தன் கையால் ஒரு வள்ளம் செதுக்க வைக்கிறார். ஒவ்வொரு காலமும் தன்னிடம் புதிதாக வந்த வாகனத்தைத்தான் முதலில் கொல்கிறது.

கார் அப்படிச் சாகிற கதைகளில் எனக்கு மிகவும் பிடித்தது ஜோர்ஜ் ஸ்ருவேர்ட் 1949இல் எழுதிய ‘ஏர்த் அபைட்ஸ்’. இதிலும் ஒரு நோய். தப்பிய இஷ் என்ற இளைஞன் ஒரு காரை எடுத்து அமெரிக்காவைக் குறுக்காக ஓடி நியூயோர்க் வரை போய்த் திரும்புகிறான். கார் வேண்டுமானால் தெருவில் எதையும் எடுக்கலாம், பெற்றோலும் கிடக்கிறது. பிறகு மெல்ல மெல்லக் கதை இறுகுகிறது. தெருவிளக்குகள் கொஞ்சக் காலம் தாமாகவே எரிந்துவிட்டு அணைகின்றன. பற்றரி செத்துப் போகிறது, ரயர் வெடிக்கிறது. பல வருடம் கழித்து ஒருநாள் பைப்பில் தண்ணீர் நிற்கிறது. அதுவரைக்கும் அந்தத் தண்ணீர் எங்கேயிருந்து வந்தது என்று ஊரில் ஒருவரும் யோசித்ததில்லை. கடைசியில் நாய் பூட்டிய சிறு வண்டியும், பழைய சில்லறைக் காசைத் தட்டிக் கூராக்கிய அம்புமுனையும்.

இஷ் நல்ல மனிதன், வாசிக்கிறவன், நூலகத்தைப் பூட்டிப் பாதுகாக்கிறான். ஆனால் அவனுடைய ஊரில் ஒரு பம்பைக் கழற்றிப் பார்க்கிற மனமுள்ள ஆள் இல்லை. இருக்கிறதை எடுத்துப் பாவிக்கிறார்கள். முடிந்ததும் விட்டுவிடுகிறார்கள். ஸ்ருவேர்ட் இதைத் தெரிந்துதான் எழுதினார், புத்தகத்தின் கசப்பே அதுதான். அவருக்குப் பின்னால் வந்த கனபேர் அந்தக் கசப்பை விட்டுவிட்டுக் காலித் தெருவை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

நெவில் ஷூற் அப்படியில்லை. அவர் எழுத்தாளராகப் பேரெடுக்க முந்தி விமானப் பொறியியலாளர். அவருடைய ‘ஒன் த பீச்’ 1957இல் வந்தது. வடக்கில் அணுயுத்தம் முடிந்து, கதிர்வீச்சு மெதுவாகத் தெற்கே இறங்குகிறது, மெல்பேர்ண் காத்திருக்கிறது. வெளிநாட்டு எண்ணெய் வருவதில்லை. நிலக்கரி உள்ளூரில் கிடைப்பதால் மின்சாரம் இருக்கிறது, ஆகவே ட்ராம் ஓடுகிறது. மற்ற ஆட்கள் சைக்கிளிலும் குதிரை வண்டியிலும் போகிறார்கள். பீற்றர் என்ற கடற்படை அதிகாரி தன் மொறிஸ் மைனரின் முன்சில்லுகளைக் கழற்றிச் சைக்கிளுக்குப் பின்னால் இழுக்கிற ஒரு பெட்டிவண்டி செய்து வைத்திருக்கிறார். எந்த எரிபொருள் எங்கேயிருந்து வருகிறது, எது நின்றால் எது நிற்கும் என்ற கணக்கு இந்த நாவலில் பிசகாமல் இருக்கிறது. வோல்ற்றர் மில்லரின் ‘அ கான்டிக்கிள் ஃபொர் லீபோவிற்ஸ்’ (1959) நாவலில் மடத்துத் துறவிகள் மிதித்து மிதித்து ஒரு டைனமோவைச் சுற்றி விளக்கு எரிய வைக்கிற இடத்தையும் இந்த வரிசையில் சேர்க்கலாம். இரண்டாம் உலகப்போரில் இத்தாலியின் மொன்ரே கசினோ மடத்தின் மேல் குண்டு போட்ட விமானங்களில் ஒன்றில் இருந்தவர் மில்லர். மடத்தில் விளக்கு எரிகிறதை அவர் எழுதியதற்கு ஒரு கனம் இருக்கிறது.

அதுக்குப் பிறகு ‘மாட் மாக்ஸ்’ வந்தது.

முதல் படம் 1979இல். 1973இல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியபோது பெற்றோல் வரிசையில் அவுஸ்திரேலியர்கள் நடந்துகொண்ட விதம்தான் கதைக்கு விதை என்று, ஜோர்ஜ் மில்லரோடு சேர்ந்து திரைக்கதை எழுதிய ஜேம்ஸ் மக்கோஸ்லண்ட் பின்னர் எழுதியிருக்கிறார். 1981இன் இரண்டாம் படத்தில் பாலைவனம் முழுக்கப் பெற்றோலுக்காக ஆளையாள் கொல்கிறார்கள். கொல்வதற்குப் போகிற வண்டிகள் குடிக்கிற பெற்றோலைக் கணக்குப் பார்த்தால் இலாபமே வராது, அது வேறு கதை. வருடக்கணக்கில் கிடந்த பெற்றோல் பழுதாகிவிடும் என்பதும் அந்தப் பாலைவனத்துக்குத் தெரியாது. பார்க்க நல்லாத்தான் இருக்கும், நானும் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். இரண்டாம் படத்தில் ஒரு மெக்கானிக் வருகிறார். கால் நடக்க இயலாதவர், பாரந்தூக்கியில் தொங்கிக்கொண்டே எஞ்சின்களைப் பார்ப்பார். முழுப் படத்திலும் உண்மையாகத் தேவைப்படுகிற மனிதர் அவர்தான். கமெரா அவரைச் சில நிமிடத்தில் விட்டுவிட்டு மாக்ஸின் முகத்துக்குப் போய்விடுகிறது.

இதை வாசிக்கிற உங்களுக்கு இந்நேரம் வீட்டுக் கதைகள் ஞாபகம் வந்திருக்கும். 1990இல் போர் மீண்டும் தொடங்கியதும் வடக்குக்குப் பெற்றோல், பற்றரி என்று ஒரு நீளப் பட்டியல் தடைசெய்யப்பட்டது. மின்சாரமும் போனது. யாழ்ப்பாணம் அடுத்த பல வருடங்களை ஓடிக் கழித்தது மண்ணெண்ணெயில்.

எப்படி ஓடியது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் இலகுவில் ஆவியாகாது. ஆகவே கொஞ்சப் பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். புகை தள்ளும், பிளக்கில் கரி பிடிக்கும், அடிக்கடி கழற்றித் துடைக்க வேண்டும். காற்றையும் எண்ணெயையும் அதிகம் இறுக்கி அமுக்குகிற புது எஞ்சின் இதைத் தாங்காது, உள்ளுக்குள் தட்டத் தொடங்கிவிடும். குறைவாக அமுக்குகிற பழைய எஞ்சின் தாங்கும். அதனால்தான் எப்போதோ வாங்கிய மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் ஏ 40உம் திரும்பத் தெருவுக்கு வந்தன. ஷூற்றின் மெல்பேர்ணில் சில்லைக் கழற்றிக் கொடுத்துவிட்டு நின்ற அதே மொறிஸ் மைனர்.

இது மந்திரமும் இல்லை, தமிழரின் தனி மூளையும் இல்லை. பிரித்தானியாவில் ஒருகாலத்தில் உழவு இயந்திரங்களே இப்படித்தான் வந்தன, தொடங்கப் பெற்றோலும் ஓட மண்ணெண்ணெய் மாதிரியான எண்ணெயுமாக. மறந்துபோன ஒரு பழைய வழியை ஊர்க் கராஜுகள் திரும்பக் கண்டுபிடித்து, மோட்டார் சைக்கிளுக்கும் பொருத்திக் காட்டின. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்டார்கள். மில்லரின் துறவிகள் அங்கே இருந்திருந்தால் ஒரு முறை தாங்களும் சுற்றியிருப்பார்கள்.

இந்த இடத்தில்தான் புனைவுக்கும் எங்கட அனுபவத்துக்கும் கணக்கு உதைக்கிறது. பெற்றோல் இல்லாத உலகில் பெற்றோல் வைத்திருக்கிறவன் அரசன் என்கிறது மாட் மாக்ஸ். துவக்கு வைத்திருந்தவர்களிடம் பெற்றோல் இருந்தது உண்மைதான், அதை மறுக்க இயலாது. ஆனால் சனம் வேலைக்குப் போனதும், பிள்ளை பள்ளிக்கூடம் போனதும், நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் சைக்கிளை மிதித்தும் கராஜ்காரரின் கையாலும்தான். அந்த ஆளுக்கு ஹொலிவூட்டில் கதாபாத்திரம் இல்லை. லண்டன் அவனை மிருகமாகக் கண்டார், ஸ்ருவேர்ட் இல்லாமலே விட்டார், மில்லரின் படம் பாரந்தூக்கியில் தொங்கவிட்டது. இந்தக் கதைகளை எழுதிய பலரும் எந்தத் தட்டுப்பாடும் நெடுங்காலம் நீடிக்காத நகரங்களில் இருந்தவர்கள். அவர்களுக்குச் சாமான் நின்றால் உலகம் முடிவு. எங்களுக்குச் சாமான் நின்றது ஒரு செவ்வாய்க்கிழமை, அடுத்த நாள் புதன்கிழமை.

கோர்மக் மக்கார்த்தியின் ‘த றோட்’ (2006) நாவலைக் கொண்டாடாதவர்கள் குறைவு. அப்பாவும் மகனும் ஒரு சூப்பர் மார்க்கெற் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு தெற்கே நடக்கிறார்கள். பின்னால் யார் வருகிறார் என்று பார்க்க வண்டிப் பிடியில் ஒரு மோட்டார் சைக்கிள் கண்ணாடி. அந்தக் கண்ணாடி ஒன்றே போதும், மக்கார்த்தி எவ்வளவு கவனமான எழுத்தாளர் என்று சொல்ல. ஆனால் அந்தத் தெரு வெறுமையானது. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்திலிருந்து சனம் தென்மராட்சிக்கு வெளிக்கிட்டபோது தெரு வெறுமையாக இருக்கவில்லை. நாவற்குழிப் பாலத்தில் லட்சக்கணக்கான ஆட்கள். கையில் சைக்கிள் இருந்தும் ஏறி மிதிக்க இடமில்லை. சைக்கிள் அன்றைக்குத் தள்ளுவண்டியாகிவிட்டது, கரியலில் மூட்டை, மூட்டைக்கு மேல் பிள்ளை. அழிவு என்றால் தனிமை என்பது அமெரிக்கப் புனைவின் பழக்கம். எங்களுக்கு அது நெரிசல்.

ரயிலையும் பாருங்கள். லண்டனின் கதையில் ரயில் பாதையைக் காடு தின்கிறது. யாழ்தேவி 1990இல் நின்ற பிறகு இங்கேயும் மேட்டில் பற்றை வளர்ந்தது. ஆனால் தண்டவாளத்தையும் சிலிப்பர்க் கட்டையையும் காடு தின்னவில்லை, அவை பதுங்கு குழிகளுக்குக் கூரையாகப் போயின. பிறகு 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்துக்கு ரயில் திரும்ப வந்தது. இடையில் 24 வருடம். தன் ஊரில் ரயிலைக் காணாமலே ஒரு தலைமுறை வளர்ந்து கலியாணமும் கட்டிவிட்டது. போன ரயில் திரும்ப வருகிற நாளை, அதைப் பார்க்க நிற்கிறவர்களின் முகத்தை, நான் வாசித்த எந்தப் பேரழிவு நாவலும் எழுதவில்லை. எமிலி சென் ஜோன் மண்டேலின் ‘ஸ்ரேஷன் இலெவன்’ (2014) கொஞ்சம் கிட்ட வருகிறது. எஞ்சின் கழற்றிய பிக்கப் வண்டிகளைக் குதிரை இழுக்க, ஒரு நாடகக் குழு ஊரூராகப் போகிறது. ஒரு ஆள் சைக்கிளை மிதித்து மடிக்கணினிக்கு மின்சாரம் ஏற்றி இணையத்தைத் தேடுகிறார். கிடைக்காது என்று அவருக்கும் தெரியாமல் இருக்காது. அந்தக் காட்சியை வாசித்தபோது டைனமோ றேடியோ நினைவுக்கு வந்தது. எங்கட ஆட்களுக்கு மறுமுனையில் பேச ஒரு குரலாவது இருந்தது.

2022இல் முழு இலங்கைக்கும் ஒரு சின்னப் பாடம் நடந்தது. வரிசையில் நாட்கணக்கில் நின்றோம். யூலையில் கியூஆர் குறியீடு வந்தது, மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு நாலு லீற்றர். சைக்கிள் விலை ஏறியது. அப்போது வீட்டுப் பெரிசுகள் வரிசையைப் பார்த்து அலட்டிக்கொள்ளாமல் இருந்ததைக் கனபேர் கவனித்திருப்பீர்கள். ஆனால் இந்த முறை அவர்களின் வித்தை உதவவில்லை. மண்ணெண்ணெய்க்கும் வரிசை. தெருவில் நின்ற வண்டிகளும் மண்ணெண்ணெயை ஏற்கிற எஞ்சின்கள் இல்லை.

அந்தக் காலத்துக் கராஜ்காரர்களில் பலருக்கு இப்போது அறுபது, எழுபது வயது. தமிழில் ஒரு பேரழிவு நாவல் எழுத நினைக்கிற யாராவது இதை வாசித்தால், முதல் அத்தியாயத்துக்கு முந்தி அவர்களில் ஒருவரிடம் ஒரு பின்னேரம் போய் இருங்கோ. மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிற நேரத்தை எஞ்சின் சத்தத்திலா கண்டுபிடித்தீங்கள், கை வைத்துப் பார்த்தா? பிளக் தேய்ந்தால் புதுசு எங்கேயிருந்து வந்தது? பெற்றோல் ஒரு சொட்டும் இல்லாத நாளில் எதை விட்டு ஸ்ரார்ட் பண்ணினீங்கள்? காசு இல்லாதவரின் வண்டியைத் திருத்தினால் என்ன வாங்கினீங்கள்?