குடவோலையும் கூட்டுறவும்

இலங்கையின் வடமேற்குக் கோடியிலே, இராமர் அணை என வழங்கும் மணற்றிட்டுகள் தொடங்குமிடத்தில் அமைந்துள்ளது தலைமன்னார். 1914ஆம் ஆண்டில் இந்திய இருப்புப்பாதையும் இலங்கை இருப்புப்பாதையும் கப்பற் போக்குவரத்தினால் இணைக்கப்பட்டபோது இவ்வூர் இரு நாடுகளுக்கும் வாயிலாயிற்று. 1964 டிசம்பரில் எழுந்த பெரும்புயல் எதிர்க்கரையிலுள்ள தனுஷ்கோடியை அழித்தது. 1990இல் போரினால் புகைவண்டி நின்றது. 2015 மார்ச்சில் மீண்டும் இறங்குதுறை வரை ஓடலாயிற்று. இவையெல்லாம் பலரும் அறிந்த செய்திகள். இக்கரையில் வாழும் மக்கள் தம் பொதுக் காரியங்களை நடத்துதற்குரிய குழுவினரை எவ்வாறு தெரிந்தெடுத்தனர், பிறர் அவர்களுக்காக எவ்வாறு தெரிந்தெடுத்துக் கொடுத்தனர் என்பது அத்துணை அறியப்படாத வரலாறு. அதனையே ஈண்டு ஆராய முற்படுகின்றோம்.

இதனை ஆராய்தற்குக் காரணம் உண்டு. மீன்பிடித்து வாழும் ஊரிலே மீனவர் கூட்டுறவுச் சங்கம் என்பது பெயரளவான அமைப்பன்று. புயலில் படகு இழந்தோர் பட்டியலை எழுதுவோர் யார், எரிபொருள் நிவாரணம் வருமாயின் எவர் பெயரை முன்வைப்பது, இழுவை மடிப் படகுகளைப் பற்றி அதிகாரிகளிடம் எடுத்துரைப்போர் யார் என்னும் வினாக்களுக்கெல்லாம் சங்கத்தின் தலைவர், செயலாளர், பொருளாளர், நிர்வாக உறுப்பினர் என்போரே விடையாகின்றனர். அவர்கள் ஒரு கட்சியின் ஆட்களாகிவிடின் மற்றையோர் தம் பெயர் பட்டியலில் இடம்பெறுமோ என ஐயுறுவர். கத்தோலிக்கரும் சைவரும் இசுலாமியரும் அடுத்தடுத்து வாழும் தீவில் அவ்வையம் எளிதில் வேறு பகையாகவும் மாறும். ஆதலின், கட்சி சாராத குழுவைத் தெரிவது எங்ஙனம் என்பது ஏட்டுக் கேள்வியன்று.

மன்னார்க் கரையின் பழைய நகரம் மாதோட்டம். சோழர் ஆட்சிக் காலத்தில் அதற்கு இராசராசபுரம் என்னும் பெயரும் வழங்கிற்று. சோழநாட்டுத் தாழி குமரன் என்பான் அங்கு இராசராசேச்சுரம் என்னும் கோயிலை எடுப்பித்து அதற்கு நிவந்தம் வைத்தமையைக் கல்வெட்டொன்று கூறுகின்றது. அந்நகரின் திருவிராமீச்சுரம் என்னும் கோயிலைச் சார்ந்த மற்றொரு கல்வெட்டு எம் பொருளுக்கு இன்னும் நெருங்கியது. விளக்கெரித்தற்கு வைத்த பொருளைச் சங்கரபாடியாரும் வெற்றிலை வாணியரும் வாழைக்காய் வாணியரும் ஏற்றுப் பொறுப்பு நின்றனர் என்பது அதனாற் பெறப்படும். ஒரு தொழிலார் கூட்டமாக நின்று பொதுப் பணத்துக்குப் பிணையாயினர் எனின், அக்கூட்டத்துக்கு முதல்வரும் கணக்கும் இருந்திருத்தல் வேண்டும். அம்முதல்வரைத் தெரிந்த முறையைக் கல் கூறுவதில்லை. அதே சோழர் காலத்துக் குழுத் தெரிவினை விரித்துரைக்கும் கல்லைக் காண நாம் கடல் கடந்து தொண்டைமண்டலத்து உத்தரமேரூருக்குச் செல்லல் வேண்டும்.

அவ்வூர் வைகுண்டப் பெருமாள் கோயிலிலுள்ள முதற் பராந்தகனின் இரு கல்வெட்டுகளை அறியாத வரலாற்று மாணவர் இலர். ஒன்று அவனது பன்னிரண்டாம் ஆட்சியாண்டினது (கி.பி. 919), மற்றையது பதினான்காம் ஆண்டினது (கி.பி. 921). மேடைகளிலே இவற்றைப் புகழ்வோர் பலர்; அமர்ந்து வாசிப்போர் சிலரே. வாசிப்பார்க்கு முதலில் தோன்றும் வினா, இரண்டாண்டு இடைவெளியில் இரண்டாவது விதி எதற்கு என்பதாகும். முதல் விதியில் முப்பதுக்கு மேல் அறுபதுக்குட்பட்டோர் தகுதியுடையோர். இரண்டாவதில் அவ்வெல்லை முப்பத்தைந்தும் எழுபதுமாகின்றது. முதலாவதிலும் இரண்டாவது விரிவும் கண்டிப்பும் மிக்கது. அரசனின் அதிகாரி சபையாருடன் உடனிருந்தே இவ்விதி செய்யப்பட்டது. தீயோர் கெட்டு நல்லோர் ஓங்குதல் அதன் நோக்கமென அக்கல்லே கூறுகின்றது. நன்கு நடந்த ஊருக்கு இத்துணைச் சட்டம் வேண்டியதில்லை. உத்தரமேரூரிலே ஏதோ ஒரு குழு பொதுப் பணத்தை உண்டது அல்லது பதவியை விடாது பற்றியது எனக் கொள்ளுதலே பொருத்தம் என்பது எம் துணிபு.

விதிகளும் அத்துணிபையே வலியுறுத்துவன. கால்வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும் தன் மனையிலே கட்டிய வீடும் உடையவனாய், மறை பயின்றவனாய், காரியத்தில் வல்லவனாய், நேர்வழியில் வந்த பொருளுடையவனாய் இருத்தல் வேண்டும். கடந்த மூன்றாண்டுக்குள் வாரியம் செய்தவன் மீண்டும் வருதல் கூடாது. முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாதிருந்தவன் என்றும் தகுதியற்றவன். அவன் மட்டுமன்றி, அவனுடைய சிற்றன்னை பேரன்னை மக்களும், அத்தை மாமன் மக்களும், பிற நெருங்கிய உறவினரும் தகுதியிழப்பர். இன்றைய சங்க விதிநூல் எதிலும் இத்துணைக் கடுமையை யாம் கண்டதில்லை. கணக்குக் காட்டாதவன் தன் மைத்துனனை முன்னிறுத்தித் தானே ஆளும் சூழ்ச்சி பத்தாம் நூற்றாண்டிலேயே அறியப்பட்டிருந்தது போலும்.

தெரிவு நடந்த விதமும் நோக்குதற்குரியது. ஊர் முப்பது குடும்பாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையோர் பெயர்கள் தனித்தனி ஓலையில் எழுதப்பட்டு, குடும்பின் பெயரெழுதிய வாயோலையுடன் கட்டாகக் கட்டப்பட்டன. இளையோரும் முதியோரும் உட்படச் சபை நிறையக் கூடியது. அன்று ஊரிலிருந்த நம்பிமார் ஒருவரும் தவறாது வந்திருத்தல் வேண்டும். அவருள் முதியவர் குடத்தை எல்லாருங் காண உயர எடுத்து நிற்க, உள்ளிருப்பதை அறியாத சிறுவன் ஒருவன் ஒரு கட்டை எடுப்பான். அக்கட்டின் ஓலைகளை வேறொரு குடத்திலிட்டுக் குலைத்தபின், அவனே ஓர் ஓலையை எடுத்து மத்தியத்தன் கையிற் கொடுப்பான். மத்தியத்தன் ஐந்து விரலும் அகல விரித்து உள்ளங்கையில் அதனை ஏற்பான். விரல் மடங்கின் ஓலை மாறிவிடும் என்னும் ஐயத்துக்கு இடம் வையாமையே இதன் கருத்து. மத்தியத்தன் வாசித்த ஓலையை நம்பிமார் அனைவரும் வாசித்தனர். இவ்வாறு குடும்புக்கு ஒருவராக முப்பதின்மர் வந்தனர். அவர்களுள் முன்பு தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் செய்தோரும், கல்வியிலும் வயதிலும் முதிர்ந்தோருமான பன்னிருவர் சம்வத்சர வாரியராயினர். எஞ்சியோருள் பன்னிருவர் தோட்ட வாரியத்துக்கும் அறுவர் ஏரி வாரியத்துக்கும் உரியராயினர். முந்நூற்றறுபது நாள் நிறைந்ததும் அவர்கள் பதவி ஒழிந்தது.

இதனை இன்றைய மக்களாட்சி எனக் கூறுதல் மிகை. பிரமதேய ஊரின் நிலமுடைய அந்தணருக்கே இத்தகுதி இருந்தது. ஏரியை வெட்டியோருக்கும் தோட்டத்தில் உழைத்தோருக்கும் பெண்டிருக்கும் ஓலை இல்லை. ஆயினும் ஒன்று உண்மை. சீட்டினாலே தெரியப்பட்டவன் எவனுக்கும் கடன்பட்டவனல்லன். அவனுக்காக எவரும் வாக்குத் திரட்டவில்லை; ஆதலின் எவருக்கும் அவன் கைம்மாறு செய்ய வேண்டியதில்லை. ஏதென்சு நகரத்தாரும் ஐந்நூற்றுவர் அவையைச் சீட்டினாலேயே அமைத்துப் படைத்தலைவரை மாத்திரம் வாக்கினால் தெரிந்தனர். சீட்டு மக்களாட்சிக்குரியது, தேர்தல் சிலராட்சிக்குரியது என அரிசுட்டாட்டில் கருதியமை இன்று நமக்கு வியப்பாகத் தோன்றும்.

மன்னார்க் கடற்கரையிலே பிற்காலத்தில் நிலைத்தது சீட்டுமன்று, வாக்குமன்று, பரம்பரை. பரதவர் ஊர்களில் பட்டங்கட்டிமார் தலைமை தாங்கினர்; அவர்க்கெல்லாம் மேலாகச் சாதித் தலைவர் தூத்துக்குடியில் இருந்தார். 1560இல் மன்னாரைக் கைப்பற்றிய போர்த்துக்கேயரும், 1658இல் வந்த ஒல்லாந்தரும் இத்தலைமையின் வழியாகவே மக்களோடு பேசினர். ஆள்வோருக்கு இது வசதியாயிருந்தது.

ஆங்கிலேயர் காலத்திலேதான் ஊர்க்குழு சட்டத்தில் இடம்பெற்றது. அது மக்களுரிமையைக் கருதி வந்ததன்று, குளத்தைக் கருதி வந்தது. 1856இல் ஆளுநர் வாட் காலத்து 9ஆம் இலக்க நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் வயலுடையோர் கூடிப் பழைய நீர்வழக்கங்களைப் புதுப்பிக்கவும் சபை தெரியவும் இடமளித்தது. 1871இல் ஆளுநர் ராபின்சன் காலத்தில் 26ஆம் இலக்கக் கிராமச் சங்கக் கட்டளைச் சட்டம் அதனை விரித்தது. அதிகாரியின் நிழலிலேயே அச்சங்கங்கள் நெடுங்காலம் இருந்தன. 1924ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே தம் தலைவரைத் தாமே தெரியும் வழி திறந்தது. 1931இல் அரசாங்க சபைக்கு ஆண் பெண் இருபாலாரும் வாக்களித்த நாட்டில், கிராமச் சங்கத்துக்குப் பெண்கள் வாக்களிக்க 1938 வரை காத்திருக்க நேர்ந்தமை விந்தை. சட்டசபையிற் சமமானவள் ஊர்க் கிணற்றைப் பற்றிய சபையிற் சமமாகாள் என்பது எவ்வகை நியாயமோ!

கிராமச் சங்கம், பின்னர்க் கிராம சபை என வழங்கிய இவ்வமைப்பு வட்டாரத்துக்கு ஒருவராக ஊரறிந்த மனிதரைத் தெரிந்தது. கட்சிகள் உள்ளே வந்தன. எனினும் தனி ஒருவர் தம் பெயரிலேயே நிற்க முடிந்தது. 1981இல் கிராம சபைகள் ஒழிந்தன. 1987ஆம் ஆண்டு 15ஆம் இலக்கச் சட்டத்தினால் பிரதேச சபைகள் தோன்றியபோது, தேர்தல் விகிதாசாரப் பட்டியல் முறைக்கு மாறிவிட்டிருந்தது. கட்சி சாராதவர் போட்டியிட வேண்டுமெனின் சுயேச்சைக் குழு ஒன்றைத் திரட்டிப் பட்டியல் கொடுத்தல் வேண்டும். 2018ஆம் ஆண்டுத் தேர்தலில் வட்டாரம் ஓரளவு மீண்டு வந்தது, பட்டியல் நீங்கவில்லை. ஊராட்சி கட்சியாட்சியாகிய கதை சுருக்கமாக இதுவே.

உழவர் குழுக்களின் கதை இதனினும் படிப்பினை மிக்கது. மன்னார் மாவட்டத்துப் பெருநிலப் பகுதியிலே, அருவியாற்றைத் தேக்கத்தில் மறித்துக் கொணர்ந்த நீரால் நிறைவது கட்டுக்கரைக் குளம். அத்தகைய குளத்தின் கீழே எந்த வாய்க்காலுக்கு எந்நாளில் நீர் என்பதைக் கொழும்பிலிருந்து வரையறுத்தல் இயலாது. 1958இல் பிலிப் குணவர்த்தனா கொண்டுவந்த 1ஆம் இலக்க நெற்காணிச் சட்டம் பயிர்ச்செய்கைக் குழுக்களை ஏற்படுத்திற்று. குத்தகை உழவரும் தாமே பயிரிடும் உடைமையாளரும் வாக்களித்து அவற்றைத் தெரிந்தனர். நிலவுடைமையாளரோடு ஒரே அவையில் குத்தகைக்காரன் வீற்றிருந்தமை புதுமை. அதனாலேயே பகையும் எழுந்தது. பல ஊர்களில் நிலமுடையோர் ஒத்துழைக்கவில்லை. குறைகள் இருந்தன என்பதை மறுப்பார் இலர். ஆயின் 1973ஆம் ஆண்டு விவசாயக் காணிச் சட்டம் அக்குறைகளுக்குக் கண்ட மருந்து, தேர்தலையே ஒழித்தல். குழுவினர் அமைச்சரின் நியமனத்தால் வந்தனர். ஆளுங்கட்சியின் ஆதரவாளர் அவ்விடங்களை நிரப்பினர். 1977இல் ஆட்சி மாறியது. நியமனத்தால் வந்தவை நியமித்தோருடன் போயின. 1979ஆம் ஆண்டுக் கமநல சேவைச் சட்டம் பயிர்ச்செய்கைக் குழுக்களுக்கு இடமளிக்கவில்லை. தேர்ந்த குழுவாக இருந்திருப்பின் அவை அவ்வளவு எளிதில் மறைந்திரா என்பது எம் கருத்து. தமக்காக வாதாட வாக்களித்தோர் அவற்றுக்கு இல்லாது போயினர்.

கூட்டுறவுச் சங்கங்களும் இவ்விடரினின்றும் தப்பவில்லை. 1844இல் இங்கிலாந்தின் ரொச்டேல் நகரத் தொழிலாளர் ஒருவருக்கு ஒரு வாக்கு என்னும் விதியை நாட்டினர்; பங்கு எத்துணையாயினும் வாக்கு ஒன்றே. சர்வதேசக் கூட்டுறவு அமைப்பு 1937இல் அரசியல் நடுநிலையையும் சமய நடுநிலையையும் கொள்கைகளுள் ஒன்றாக வகுத்தது. 1966இல் திருத்தி எழுதியபோது அது பட்டியலினின்றும் நீங்கிற்று. இலங்கையில் 1911இல் முதற் கூட்டுறவுச் சட்டம் பிறந்தது. வடபகுதியில் அவ்வியக்கத்தை வளர்த்தோருள் முதன்மையானவர் மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபராயிருந்த வீ. வீரசிங்கம். அவர் 1952இல் வட்டுக்கோட்டையிலிருந்து பாராளுமன்றம் சென்றதும் சுயேச்சையாகவே. கட்சி சாராமை செயலின்மையன்று என்பதற்கு அவரினும் தக்க சான்று நம் கல்லூரி மாணவர்க்கு வேண்டுவதில்லை. பின்னர்ச் சிறப்பு ஏற்பாட்டுச் சட்டமொன்றினையடுத்துச் சிறு சங்கங்கள் பெருஞ் சங்கங்களாக இணைக்கப்பட்டன. அவற்றின் இயக்குநர் சபைகளில் நியமனம் பெற்றோர் அமர்ந்தனர். பண்டசாலை மனேசர் வேலை கட்சிக்காரருக்கு என்னும் பேச்சு நாடெங்கும் எழுந்தது அக்காலத்திலேயாம்.

சீட்டு முறை முற்றாக அழிந்துவிட்டதோ எனின், இல்லை. நீர்கொழும்புக் களப்பிலே கட்டுவலை இடுவோர் நான்கு சங்கத்தாராக நின்று, எவர் எந்த இடத்தில் வலையிடுவது என்பதை இன்றும் சீட்டினாலேயே தீர்க்கும் வழக்குடையர். நல்ல துறை ஒருவருக்கே நிலையாகப் போகாது. கெட்ட துறை ஒருவரையே தொடராது. பதவிக்கு வாக்கும் துறைக்குச் சீட்டும் என அவர்கள் பிரித்துக்கொண்டமை ஆராயத்தக்கது. கடலில் மீன் எங்குக் கிடைக்கும் என்பது ஒருவனுடைய திறத்தால் மட்டும் வருவதன்று என்பதை நன்கு அறிந்தோர் மீனவரல்லவா?

இனி, தீராத வினா ஒன்று உண்டு. உத்தரமேரூர் தன் மனையில் வீடுடையவனையே ஓலைக்குரியவனாகக் கொண்டது. இன்றைய சங்கங்களும் அப்பகுதியில் வாழ்வோரையே உறுப்பினராக்குகின்றன. போரில்லாத ஊருக்கு இவ்விதி பொருந்தும். 1990 அக்டோபரில் மன்னார்த் தீவின் எருக்கலம்பிட்டி, தாராபுரம் முதலிய ஊர்களின் முசுலிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டு, மிகப் பலர் புத்தளத்துக் கரையில் ஒதுங்கினர். அவர்களைப் போலவே தமிழர் பலரும் போர்க்காலத்திற் படகேறி இராமேசுவரம் சென்று முகாம்களில் ஆண்டுகள் பல கழித்தனர். வீடு மன்னாரிலே, வாழ்வு வேறிடத்திலே என ஆயினோர் எந்தக் குடும்பின் ஓலையில் எழுதப்படுவர்? புத்தளத்திற் பதிந்தால் மன்னாரில் உரிமை குன்றும். மன்னாரிற் பதிந்தால் புத்தளத்திலே பள்ளி, நிவாரணம் முதலியவற்றுக்கு இடர் நேரும். இடம்பெயர்ந்தோரைத் தம் பழைய ஊரில் வாக்காளராகப் பதிதற்கு 2017இல் தனிச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. அது வாக்காளர் இடாப்பைப் பற்றியது. மீனவர் சங்கம், பள்ளிவாசல் நிர்வாகம், கோயிற் பரிபாலன சபை, கிராம அபிவிருத்திச் சங்கம் ஆகியவற்றின் உறுப்பினர் பதிவேடுகளை அச்சட்டம் தொடுவதில்லை. அவற்றில் எவர் பெயர் இருத்தல் வேண்டும் என்பதை ஒவ்வோர் ஆண்டுப் பொதுக்கூட்டத்திலும், தேர்தல் தொடங்குமுன், கூடியிருப்போரே பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டியவராயுள்ளனர்.