கண் காணும் குறியும் கை அறியும் குறியும்



திரைப்படங்களிலே குதிரைவீரன் ஒருவன் இடுப்பிலிருந்து கைத்துப்பாக்கியை உருவி, அதனைக் கண்ணெடுத்தும் பாராமல் எதிரியைச் சுட்டு வீழ்த்துவதைக் கண்டிருப்பீர்கள். என் மாணவர்கள் அதனை வரலாறு என்றே நம்புகின்றனர். உண்மை வேறு. 1865ஆம் ஆண்டு ஜூலை 21ஆந் திகதி, அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்ட் நகரச் சதுக்கத்தில் ஹிக்கொக் என்பார் டட் என்பவரை ஏறத்தாழ 75 யார் தூரத்தில் ஒரே குண்டினாற் கொன்றார். துப்பாக்கி பிடித்த கையை மற்றக் கையின்மேல் ஊன்றி, நிதானித்தே அவர் சுட்டார் என்பர்.

துப்பாக்கிக் குழலின் மேலே பின்குறி, முன்குறி என இரண்டு உண்டு. அவ்விரண்டையும் இலக்கோடு ஒரே நேர்கோட்டில் நிறுத்துவதே குறிபார்த்துச் சுடும் முறை. ஆயின், மனிதக் கண் ஒரு வேளையில் ஒரு தொலைவையே தெளிவாகக் காணும். முன்குறியை நோக்கினால் எதிரி மங்குவான். எதிரியை நோக்கினால் முன்குறி மங்கும். உயிருக்கு அஞ்சி நிற்பவன் எதனை நோக்குவான்?

இவ்வினாவை ஷங்காய் நகரத்துப் பொலிஸ் உத்தியோகத்தர் வில்லியம் பெயார்பேர்ண் ஆராய்ந்தார். 1907இல் அப்படையிற் சேர்ந்த அவர், இருண்ட சந்துகளிலும் மாடிப்படிகளிலும் ஆயுதந் தாங்கிய கொள்ளையரோடு பொருதவேண்டியிருந்தது. பன்னிரண்டரை ஆண்டுகளில் அப்படை 666 ஆயுத மோதல்களைக் கண்டது. துப்பாக்கிச் சண்டைகள் பெரும்பாலும் நான்கு யாருக்கு உட்பட்ட தூரத்தில் நிகழ்ந்தன. அங்கே குறிபார்க்க வெளிச்சமுமில்லை, அவகாசமுமில்லை. ஆகவே, சிறு குழந்தை காகத்தை விரலாற் சுட்டிக் காட்டுவதுபோலத் துப்பாக்கியை உடலின் நடுக்கோட்டில் உயர்த்தி, எதிரியையே நோக்கிச் சுடுமாறு அவர் பயிற்றினார். சைக்ஸ் என்பவரோடு சேர்ந்து 1942இல் இதனை நூலாகவும் வெளியிட்டார். தொலைவிலுள்ள இலக்குக்குக் குறிபார்த்தே சுடவேண்டும் என்று அந்நூலே கூறுகின்றது. அவரைப் பின்பற்றியோர் பலர் இப்பகுதியை மறந்தனர்!

அமெரிக்காவிலே ஜெப் கூப்பர் என்பார் நடத்திய விரைவுப் போட்டிகளிற் பலர் இடுப்பிலிருந்தே சுட்டனர். விரைவுக்குக் குறைவில்லை, குண்டுகள்தாம் இலக்கைத் தப்பின. லொஸ் ஏஞ்சல்ஸ் மாவட்டத்துக் காவலரான ஜாக் வீவர் மட்டும் இரு கைகளாலும் துப்பாக்கியைப் பற்றிக் கண்மட்டத்துக்கு உயர்த்தி, குறிகளை ஒரு கணம் நோக்கிச் சுட்டு, 1959இல் வென்றார். பிந்திச் சுட்டவர் முந்திக்கொண்டார்.

எனினும், போட்டிக் களத்தில் இலக்குத் திருப்பிச் சுடுவதில்லை. வீவரின் வெற்றியைக் கொண்டு பெயார்பேர்ணைப் பழிப்பது நேர்மையன்று. அதேவேளை, நெருக்கமான சந்திலே தவறிய குண்டு எங்கோ ஒரு சுவரில் மட்டும் தைக்குமென எவர் உறுதி கூறுவார்? வழியே சென்ற ஒருவர் மாண்டால், விரைவு அவருக்கு என்ன பயன் தரும்? இவ்விடத்தில் என் மனம் வீவரின் பக்கமே சாய்கிறது.

அமெரிக்க மத்திய புலனாய்வுப் பிரிவு 1982இல் வீவரின் நிலையை ஏற்றது. பின்னர், 21ஆம் நூற்றாண்டில், சிறு கண்ணாடியில் ஒரு செம்புள்ளியைத் தோற்றுவிக்கும் கருவியைப் பல பொலிஸ் படைகள் கைத்துப்பாக்கியிற் பொருத்தத் தொடங்கின. சுடுபவர் இலக்கையே நோக்குகிறார். துப்பாக்கியை அவர் இலக்குக்கு நேரே பிடித்தால், புள்ளி அவ்விலக்கின்மேல் தோன்றுகின்றது.