மில்லி விநாடிக் கணக்கில் மனித விருப்பம்

திரையில் ஓர் ஒளிப்புள்ளி கடிகார முள்போலச் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதைப் பார்த்தபடி அமர்ந்திருப்பவர், தனக்குத் தோன்றும்போது மணிக்கட்டை மடக்க வேண்டும். மடக்கும் எண்ணம் எழுந்தபோது புள்ளி எங்கே நின்றது என்று பிறகு சொல்ல வேண்டும். சான் பிரான்சிஸ்கோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் பெஞ்சமின் லிபெட் நடத்திய சோதனை இவ்வளவுதான். புள்ளி ஒரு சுற்று முடிக்க 2.56 விநாடி. தலையில் மின்முனைகள், கையில் தசை அசைவை அறியும் கருவி. 1983இல் வெளியான முடிவின்படி, கை அசைவதற்குச் சுமார் 550 மில்லி விநாடி முன்பே மூளையின் மின்னழுத்தம் மாறத் தொடங்குகிறது. எண்ணம் எழுந்ததாகப் பங்கேற்றவர்கள் குறிப்பிட்ட நேரமோ அசைவுக்கு ஏறக்குறைய 200 மில்லி விநாடி முன்பு.

இடையிலுள்ள அந்த 350 மில்லி விநாடியை வைத்துக்கொண்டு, சுயவிருப்பம் வெறும் மாயை என்று நாற்பது ஆண்டுகளாக வாதிட்டுவருகிறார்கள். மூளை முடிவெடுத்துவிடுகிறது, பிரக்ஞை பின்னால் வந்து கையெழுத்துப் போடுகிறது என்பது வாதத்தின் சாரம். எழுத்தாளர் சாம் ஹாரிஸ் 2012இல் எழுதிய சிறு நூலிலும் லிபெட் சாட்சிக்கூண்டில் ஏற்றப்படுகிறார். வேடிக்கை என்னவென்றால், அந்தச் சாட்சி அப்படிச் சொல்லவே இல்லை. எழுந்த உந்துதலைக் கடைசி நேரத்தில் தடுக்கும் ஆற்றல் பிரக்ஞைக்கு உண்டு என்பதே லிபெட்டின் நிலை.

அவர் அளந்த மின்மாற்றத்தை 1965இல் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரில் கோர்ன்ஹூபரும் டீக்கேயும் விவரித்திருந்தனர். ஒரே ஒரு தடவை கையை அசைத்தால் அது தெளிவாகப் புலப்படாது. லிபெட் நாற்பது அசைவுகளின் பதிவுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அசைவிலிருந்து பின்னோக்கிச் சராசரி எடுத்தார். சிக்கல் இங்கேதான். மேட்டூர் அணை நிரம்பிய நாள்களை மட்டும் பொறுக்கியெடுத்துப் பின்னோக்கிப் பார்த்தால், ஒவ்வொரு முறையும் நீர்மட்டம் சீராக ஏறி வந்ததாகவே தோன்றும். பாதி ஏறி இறங்கிய காலங்கள் கணக்கில் வரா. ஆரன் ஷுர்கரும் அவருடைய சகாக்களும் 2012இல் முன்வைத்த மாதிரி இந்த ஐயத்துக்குக் கணித வடிவம் தந்தது. மூளையின் மின்செயல்பாடு எப்போதும் ஏறியிறங்கிக்கொண்டே இருக்கிறது. இந்தக் கணத்தில் அசை என்று சொல்ல எந்தக் காரணமும் இல்லாதபோது, தற்செயலாக ஓர் ஏற்றம் வரம்பைத் தாண்டுகிறது, கை அசைகிறது. அப்படியானால் 550 மில்லி விநாடிக்கு முன் தொடங்கியது முடிவு என்று சொல்ல வழியில்லை.

வலக்கையா இடக்கையா என்பதைச் சில விநாடிகள் முன்னதாகவே மூளைப் படத்திலிருந்து கணித்ததாக ஜான்-டிலன் ஹெயின்ஸின் குழு 2008இல் அறிவித்தது. கணிப்பு பலித்தது ஏறத்தாழ 60 விழுக்காடு. நாணயம் சுண்டினாலே 50 கிடைக்கும்.

மணிக்கட்டை எப்போது மடக்கினால் யாருக்கு என்ன? 2019இல் உரி மாஸ் முதலியோர் வெளியிட்ட ஆய்வு இந்தக் கேள்வியையே சோதனையாக்கியது. இரண்டு தொண்டு நிறுவனங்களின் பெயர்கள் திரையில் வரும். சில சுற்றுகளில், தேர்ந்தெடுக்கப்படும் நிறுவனத்துக்கு 1000 டாலர் போகும் வாய்ப்பு உண்டு. மற்றச் சுற்றுகளில், எந்த விசையை அழுத்தினாலும் இரண்டுக்கும் தலா 500 டாலர். பொருளற்ற சுற்றுகளில் லிபெட் கண்ட மின்மாற்றம் வழக்கம்போல் தென்பட்டது. யோசித்து முடிவெடுக்க வேண்டிய சுற்றுகளில் அது காணப்படவில்லை, அல்லது மிகவும் மங்கியிருந்தது. 18 பேரை வைத்துச் செய்த சிறிய சோதனைதான் இது. ஆனால் லிபெட்டின் சோதனை இதைவிடச் சிறியது.

மாயைவாதிகளின் வலுவான ஆதாரம் வேறிடத்தில் இருக்கிறது. மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் நரம்புப்பாலம் வெட்டப்பட்ட ஒருவரை 1970களில் மைக்கேல் கசானிகாவும் ஜோசஃப் லெடூவும் சோதித்தார்கள். பேசத் தெரிந்த இடப்பாதிக்குக் கோழிக்கால் படம், பேசாத வலப்பாதிக்குப் பனி மூடிய வீட்டின் படம். பொருத்தமானதை எடுக்கச் சொன்னபோது, வலப்பாதி இயக்கும் இடக்கை பனியள்ளும் மண்வாரியைக் காட்டியது. ஏன் என்று கேட்டார்கள். பனியைப் பார்க்காத இடப்பாதி கொஞ்சமும் தயங்கவில்லை: கோழிக்கூண்டைச் சுத்தம் செய்ய வாரி வேண்டுமே என்றது.

நோயில்லாதவர்களும் இதற்கு விலக்கில்லை. ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகக் குழு 2005இல், ஒருவர் தேர்ந்தெடுத்த முகப்படத்தைக் கைச்சாதுரியத்தால் மாற்றிக் கொடுத்தது. பெரும்பாலானோர் மாற்றத்தைக் கவனிக்காததோடு, தாம் தேர்ந்தெடுக்காத முகத்தை ஏன் தேர்ந்தெடுத்தோம் என்று விளக்கமும் சொன்னார்கள். 2012இல் அதே குழு ஒழுக்கம் சார்ந்த கருத்துகளைத் தலைகீழாக்கிப் பார்த்தபோதும் பலர் ஏமாந்தார்கள். ஆகவே, 'நான் இதைச் செய்ததற்கு இதுதான் காரணம்' என்று மனிதர் சொல்வதை அப்படியே நம்ப முடியாது. இது பெரிய இழப்புதான். ஆயினும் காரணத்தைத் தவறாகச் சொல்வது ஒன்று. காரணங்களைச் சீர்தூக்கிப் பார்க்கும் திறனே இல்லாதிருப்பது வேறு.

பிரக்ஞையே மாயை என்ற கூற்றைச் சுயவிருப்பம் மாயை என்ற வாதத்துடன் ஒரே மூட்டையில் கட்டக் கூடாது. தத்துவவாதி கீத் ஃபிராங்கிஷ் 2016இல் முன்வைத்த மாயைவாதம் வலி இல்லை என்று சொல்லவில்லை. வலியின் இயல்பு குறித்து உள்நோக்கு தரும் சித்திரம் தவறு என்கிறது. இதில் வாதத்துக்கு இடமுண்டு. ஆனால் பிரக்ஞை எந்த வேலையும் செய்யாத அலங்காரம் என்பவர்கள், லாரன்ஸ் வைஸ்கிரான்ட்ஸ் ஆராய்ந்த நோயாளிகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். பார்வைப் புறணி சேதமான அவர்கள், எதுவும் தெரியவில்லை என்று சொல்லிக்கொண்டே, கட்டாயப்படுத்திக் கேட்டால் பொருள் இருக்கும் இடத்தைப் பெரும்பாலும் சரியாகக் காட்டினார்கள். தாமாக முன்வந்து அந்தத் தகவலைப் பயன்படுத்தத்தான் அவர்களால் முடியவில்லை.

எல்லாம் முன்காரணங்களால் நிர்ணயிக்கப்பட்டவை என்ற நியதிவாதம் மேற்கண்ட சோதனைகள் எதனாலும் பொய்க்கவில்லை, மெய்ப்படவும் இல்லை. பண்டைய இந்தியாவின் ஆசீவகர்கள் அதை மின்முனைகள் இல்லாமலே வாதிட்டார்கள். அவர்களை எதிர்கொள்ளச் சமணக் காப்பியமான நீலகேசி ஒரு சருக்கத்தையே ஒதுக்கியது. அது தத்துவ வழக்கு, ஆய்வகத்தில் தீராது.

பொறுப்பு என்ற கேள்விக்கு மில்லி விநாடிக் கணக்கு தேவையுமில்லை. பாரதிய நியாய சன்ஹிதாவின் 22ஆம் பிரிவு, முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 84ஆம் பிரிவு, குற்றம் செய்தவரின் நரம்பணு எப்போது துடித்தது என்று கேட்பதில்லை. சித்த சுவாதீனமின்மையால், தான் செய்வதன் தன்மையையோ அது தவறு என்பதையோ அறிய இயலாதவராக அவர் இருந்தாரா என்று கேட்கிறது. அதே சட்டத்தின் இன்னொரு பிரிவு, திடீரென நேர்ந்த கடுமையான ஆத்திரமூட்டலால் தன்னடக்கம் இழந்து செய்த கொலையைத் தனியே வகைப்படுத்துகிறது. விருப்பம் கூடலாம், குறையலாம், சிலரிடம் இல்லாமலும் போகலாம் என்று ஏற்கும் இந்த அளவுகோலை அசைக்கும் எதுவும் லிபெட்டின் திரையில் தென்படவில்லை.