வளர்சிதைமாற்ற நோய்த்தொகுப்பும் நுரையீரல் செயல்திறனும்

பெருத்த இடுப்புச் சுற்றளவு, உயர் ரத்த அழுத்தம், மிகுந்த ட்ரைகிளிசரைடு, குறைந்த எச்.டி.எல். கொழுப்பு, உயர்ந்த வெறும்வயிற்றுச் சர்க்கரை ஆகிய ஐந்தில் மூன்று இருந்தால் அது வளர்சிதைமாற்ற நோய்த்தொகுப்பு. தெற்காசியருக்கு இடுப்பின் வரம்பு ஆண்களில் 90, பெண்களில் 80 செ.மீ.

இத்தொகுப்பு உடையோருக்கு, ஸ்பைரோமெட்ரி சோதனையில் முழுமூச்சாக ஊதி வெளியேற்றும் காற்றின் மொத்த அளவும் முதல் நொடியில் வெளியேறும் அளவும் சேர்ந்தே குறைகின்றன. இரண்டின் விகிதம் பெரும்பாலும் மாறுவதில்லை. மூச்சுக்குழல் அடைப்பைவிட நுரையீரல் விரிவதில் உள்ள தடையையே இது காட்டுகிறது. பாரிஸில் 1,20,000-க்கும் மேற்பட்டோரிடம் நடந்து 2009-இல் வெளியான ஆய்வு, இக்குறைவுடன் வயிற்றுப் பருமனே மிக வலுவாகத் தொடர்புடையது என்று கண்டது. உடல் எடையை மட்டும் பார்த்தால் இது புலப்படாமல் போகலாம். இடுப்பையும் அளப்பது அவசியம்.

வயிற்றுக் கொழுப்பு உதரவிதானத்தை மேல்நோக்கித் தள்ளுவதால், இயல்பாக மூச்சு விட்டபின் நுரையீரலில் எஞ்சும் காற்று குறைகிறது. அடிப்பகுதியின் சிறு மூச்சுக்குழல்கள் எளிதில் மூடிக்கொள்கின்றன. கொழுப்புத் திசு சுரக்கும் இன்டர்லூக்கின்-6 போன்ற அழற்சிப் பொருட்களுக்கும் இன்சுலின் எதிர்ப்புக்கும் இதில் பங்குண்டு எனக் கருதப்படுகிறது. எடை குறையும்போது நுரையீரல் கொள்ளளவு ஓரளவு மீள்கிறது.