தானுந்து வண்ணப்பூச்சுக் கொப்புளம்

தானுந்து வண்ணப்பூச்சுக் கொப்புளம் என்பது தானுந்தின் (கார்) உடற்தகட்டின் மீதுள்ள வண்ணப்பூச்சுப் படலம் தன் அடித்தளத்திலிருந்து பிரிந்து குமிழ்போல மேலெழும் குறைபாடு ஆகும். பேச்சு வழக்கில் இதனைப் "பெயின்ட் உப்புதல்" என்பர். கொப்புளத்தின் உள்ளே நீர், காற்று, கரைப்பானின் ஆவி, துரு ஆகியவற்றுள் எதுவும் இருக்கக்கூடும். வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலத் தெரிந்தாலும் இவற்றின் காரணங்களும் சீர்செய்யும் முறைகளும் வேறுபட்டவை. காரணத்தை அறியாமல் மேற்பரப்பை மட்டும் தேய்த்து மீண்டும் வண்ணம் பூசினால், பெரும்பாலும் அதே இடத்தில் கொப்புளம் மறுபடியும் தோன்றும்.

வண்ணப்பூச்சின் அமைப்பு

தற்காலத் தானுந்தின் வண்ணப்பூச்சு பல அடுக்குகளால் ஆனது. கீழிருந்து மேலாக அவை பொதுவாகப் பின்வருமாறு அமையும்.

* பாசுபேட்டுப் படலம்: தகட்டின் மீது வேதிவினை மூலம் உருவாக்கப்படும் மிக மெல்லிய படலம். பூச்சு நன்கு பற்றிக்கொள்ள உதவுகின்றது.
* மின்படிவு அடிப்பூச்சு: ஏறத்தாழ 20 மைக்ரோமீட்டர். துருவிலிருந்து காக்கும் முதன்மை அடுக்கு இதுவே.
* பிரைமர்: ஏறத்தாழ 30 முதல் 40 மைக்ரோமீட்டர். பரப்பைச் சமன்செய்கின்றது.
* நிறப்பூச்சு: ஏறத்தாழ 15 முதல் 20 மைக்ரோமீட்டர்.
* ஒளிபுகு மேற்பூச்சு: ஏறத்தாழ 40 முதல் 50 மைக்ரோமீட்டர். பளபளப்பைத் தருவதுடன் புறஊதாக் கதிர்களிலிருந்தும் காக்கின்றது.

இவை அனைத்தும் சேர்ந்தாலும் தடிப்பு பொதுவாக 100 முதல் 150 மைக்ரோமீட்டர் அளவே ஆகும். அதாவது, ஒரு மில்லிமீட்டரில் ஆறில் ஒரு பங்குக்கும் குறைவு.

தானுந்தின் உடல் முழுவதையும் பூச்சுத் தொட்டியில் அமிழ்த்தி, மின்னோட்டத்தின் மூலம் அடிப்பூச்சைப் படியச் செய்யும் முறை 1960களில் பயன்பாட்டுக்கு வந்தது. தகட்டின் மீது துத்தநாகம் பூசும் முறையும் பின்னர்ப் பரவியது. போர்சே 911 வண்டி 1975 இலும், அவுடி 100 வண்டி 1985 இலும் துத்தநாகம் பூசிய உடலைப் பெற்றன. மின்படிவுப் பூச்சினைச் சாதாரணப் பணிமனையில் மீண்டும் உருவாக்க இயலாது. எனவே பழுதில்லாத இடத்தில் இதனைத் தேவையின்றித் தேய்த்து நீக்குவது இழப்பே ஆகும்.

காரணங்கள்

துரு

வயதான தானுந்துகளில் கொப்புளம் தோன்ற முதன்மையான காரணம் துருவாகும். கல் தெறித்தோ கீறல் விழுந்தோ பூச்சு உடையும்போது இரும்பு வெளிப்படுகின்றது. அங்கு நீரும் ஆக்சிசனும் சேரும்போது சிறு மின்கலம் ஒன்று உருவாகின்றது. அதன் நேர்மின்வாயில் இரும்பு கரைகின்றது. எதிர்மின்வாயில் ஐதராக்சைடு அயனிகள் தோன்றுகின்றன. இவற்றின் காரத்தன்மை பூச்சுக்கும் தகட்டுக்கும் இடையிலான பிடிப்பை அழிக்கின்றது. துரு, தான் உருவான இரும்பைவிடப் பல மடங்கு கூடுதலான பருமனைக் கொள்வதால், பிடிப்பிழந்த பூச்சினை மேல்நோக்கித் தள்ளுகின்றது. நீரில் உப்புக் கலந்திருப்பின் இவ்வினை விரைவடையும்.

துரு தகட்டின் உட்புறத்திலிருந்தும் தொடங்கலாம். கதவுகளின் அடியிலுள்ள வடிகால் துளைகள் மண்ணால் அடைபட்டால் நீர் உள்ளேயே தேங்கும். இத்தகைய இடங்களில் கொப்புளம் கண்ணுக்குத் தெரியும் வேளையில் தகடு பெரும்பாலும் துளைபட்டிருக்கும்.

சவ்வூடு பரவல்

வண்ணப்பூச்சு நீரை முற்றிலும் தடுப்பதில்லை. நீர் மூலக்கூறுகள் அதனூடே மெதுவாகச் செல்லும். பூச்சின் அடியில் நீரில் கரையும் உப்பு சிறிதளவு சிக்கியிருந்தாலும், பூச்சு ஓர் அரைபுகவிடும் சவ்வாகச் செயற்பட்டு வெளியிலுள்ள நீரை உள்ளிழுக்கின்றது. விரல்களின் வியர்வை, நீர்விட்டுத் தேய்த்தபின் துடைக்காமல் உலரவிட்ட கடினநீர் ஆகியன இவ்வுப்புக்கான பொதுவான மூலங்களாகும். இவ்வகைக் கொப்புளங்கள் சிறியனவாகவும் நெருக்கமாகவும் இருக்கும். மழைக்காலத்தில் தோன்றி, வெயிலில் நன்கு காய்ந்தபின் அடங்கிவிடுவதும் உண்டு.

கரைப்பானும் காற்றும்

ஓர் அடுக்கு உலர்வதற்கு முன் அடுத்ததைப் பூசினாலோ, மிகத் தடிப்பாகப் பூசினாலோ, உடனடியாகச் சூடேற்றினாலோ மேற்பரப்பு முதலில் இறுகிவிடும். அடியில் சிக்கிய கரைப்பான் ஆவியாகி வெளியேறும்போது ஊசித்துளைகளும் நுண்குமிழ்களும் உண்டாகின்றன. பட்டியில் சிக்கிய காற்றும் வெயிலில் விரிவடைந்து கொப்புளமாகலாம். பட்டி என்பது பள்ளங்களை நிரப்பப் பணிமனைகளில் பயன்படும் பாலியெசுத்தர் பசையாகும். இவை புதிதாக வண்ணம் பூசிய சில மணி நேரத்திலிருந்து சில வாரங்களுக்குள் தோன்றும்.

அலுமினியத் தகடுகள்

அலுமினியம் துருப்பிடிக்காது எனப் பலர் எண்ணுவர். ஆயினும் பூச்சின் அடியில் அதுவும் அரிமானம் அடைந்து வெண்ணிறத் தூளாக மாறும். 2004 ஆம் ஆண்டில் ஃபோர்டு நிறுவனம் தன் பணிமனைகளுக்கு வெளியிட்ட தொழில்நுட்ப அறிவிப்பு ஒன்று, அலுமினிய உடற்பாகங்களில் தோன்றிய கொப்புளங்களுக்கு, பூச்சுக்கு முன்பே தகட்டில் படிந்த இரும்புத் துகள்களைக் காரணமாகக் காட்டியது. இரும்பைத் தேய்த்த உப்புத்தாளையோ கம்பித் தூரிகையையோ அலுமினியத்தில் பயன்படுத்தலாகாது என்பதற்கும் இதுவே காரணமாகும்.

காரணத்தைக் கண்டறிதல்

கொப்புளத்தின் இடம், தோன்றிய காலம், உள்ளிருக்கும் பொருள் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தே காரணத்தை முடிவுசெய்ய வேண்டும்.

இடம்: சக்கர வளைவு, கதவின் கீழ்விளிம்பு, கதவுகளுக்குக் கீழே ஓடும் அடிச்சட்டம், முகப்புக் கண்ணாடியின் விளிம்பு ஆகியவற்றில் தோன்றுபவை பெரும்பாலும் துருவைக் குறிக்கும். கூரை, முன்மூடி போன்ற அகன்ற பரப்புகளில் சீராகப் பரவியவை பூச்சு வேலையின் குறையைக் குறிக்கும்.

காலம்: மறுபூச்சுக்குப் பின் உடனே தோன்றினால் கரைப்பானையோ காற்றையோ ஐயுறலாம். சில மாதங்களுக்குப் பின் மழையை ஒட்டித் தோன்றினால் சவ்வூடு பரவலை ஐயுறலாம். தொழிற்சாலைப் பூச்சில் பல ஆண்டுகளுக்குப் பின் தோன்றினால் பெரும்பாலும் துருவே காரணமாகும்.

உள்ளிருப்பது: ஒரு கொப்புளத்தை ஊசியாலோ கூரிய கத்தி முனையாலோ திறந்து பார்க்கலாம்.

* தெளிந்த நீர் கசிந்து, அடியில் தகடு பளபளப்பாக இருந்தால் சவ்வூடு பரவல்.
* செம்பழுப்பு நிறத் தூளோ செதில்களோ இருந்தால் துரு.
* வெண்ணிறத் தூள் இருந்தால் அலுமினியம் அல்லது துத்தநாகத்தின் அரிமானம்.
* உள்ளே ஒன்றுமின்றி, அடியில் பழைய பூச்சு பளபளப்பாகத் தெரிந்தால், சரியாகத் தேய்க்காத பரப்பின் மீது பூசியதால் ஏற்பட்ட ஒட்டாமை.

தகட்டின் பின்புறத்தையும் தவறாது பார்க்க வேண்டும். பூச்சுத் தடிப்பை அளக்கும் கருவி 300 மைக்ரோமீட்டருக்கு மேல் காட்டினால், அவ்விடம் மறுபூச்சுப் பெற்றது எனக் கொள்ளலாம். 1000 மைக்ரோமீட்டருக்கு மேல் காட்டினால் அடியில் பட்டி இருக்கும். மெல்லிய துணி சுற்றிய காந்தம் எஃகுத் தகட்டில் ஓரிடத்தில் மட்டும் ஒட்டாமல் நழுவினால் அதுவும் பட்டியின் அறிகுறியே.

ஆய்வகங்களில் கொப்புளங்களின் அளவையும் அடர்த்தியையும் குறிக்க ஐ.எஸ்.ஓ. 4628-2, ஏ.எஸ்.டி.எம். டி714 ஆகிய சீர்தரங்கள் பயன்படுகின்றன.

சீர்செய்யும் முறை

துருவால் ஏற்பட்ட கொப்புளத்தைச் சீர்செய்யும் படிகள் பின்வருமாறு.

1. பரப்பினைக் கழுவி, எண்ணெயையும் மெழுகையும் நீக்கும் நீர்மத்தால் துடைக்க வேண்டும். துடைக்காமல் தேய்த்தால் எண்ணெய்ப்பசை கீறல்களுக்குள் சென்றுவிடும்.
2. கொப்புளத்தைச் சுரண்டித் திறந்து, 80 எண் உப்புத்தாளால் பளபளக்கும் உலோகம் தெரியும்வரை தேய்க்க வேண்டும். துரு, கண்ணுக்குத் தெரியும் கொப்புளத்தின் எல்லையைத் தாண்டிப் பூச்சின் அடியில் பரவியிருக்கும். எனவே நன்கு ஒட்டியுள்ள பூச்சினை அடையும்வரை தேய்ப்பது இன்றியமையாதது.
3. தகட்டைச் சோதிக்க வேண்டும். துளை இருந்தாலோ, அழுத்தும்போது தகடு உள்வாங்கினாலோ அப்பகுதியை வெட்டி நீக்கிப் புதிய தகட்டைப் பற்றவைக்க வேண்டும். துளையைப் பட்டியாலோ கண்ணாடியிழையாலோ மூடினால், பின்புறத்திலிருந்து நீர் புகுந்து துரு தொடரும்.
4. குழிகளில் எஞ்சிய துருவுக்குப் பாசுபாரிக்கு அமிலம் அல்லது டானிக்கு அமிலம் அடங்கிய துருமாற்றியைப் பயன்படுத்தலாம். செதிலாக உரியும் துருவின் மீது இது பயன் தராது. அமிலத்தின் எச்சம் அடுத்த பூச்சின் பிடிப்பைக் கெடுக்கும் என்பதால் தயாரிப்பாளரின் குறிப்பைப் பின்பற்ற வேண்டும்.
5. தகட்டைக் கையால் தொடாமல், அன்றைய நாளிலேயே எப்பாக்சி பிரைமர் பூச வேண்டும்.
6. பள்ளம் இருப்பின் பட்டியை மெல்லிய அடுக்குகளாக இட்டுச் சமன்செய்யலாம். பட்டி நீரை உறிஞ்சும். ஆகவே அதனை உலர்நிலையிலேயே தேய்க்க வேண்டும்.
7. சமன்செய்யும் பிரைமரைப் பூசி, 400 முதல் 600 எண் தாளால் தேய்த்தபின் நிறப்பூச்சும் ஒளிபுகு மேற்பூச்சும் பூச வேண்டும். ஒவ்வோர் அடுக்குக்கும் இடையே கரைப்பான் வெளியேற உரிய நேரம் விட வேண்டும். மழை நாளிலும், தகட்டில் பனி படியும் அதிகாலையிலும் பூசுவதைத் தவிர்க்க வேண்டும்.
8. இறுதியாகத் தகட்டின் உட்குழிவுகளில் துருத்தடுப்பு மெழுகைத் தெளித்து, வடிகால் துளைகள் திறந்துள்ளனவா எனச் சரிபார்க்க வேண்டும்.

சவ்வூடு பரவலாலோ கரைப்பானாலோ ஏற்பட்ட கொப்புளங்களுக்குத் தகட்டு வேலை பொதுவாகத் தேவையில்லை. குறையுள்ள அடுக்குவரை தேய்த்து நீக்கி, நன்கு உலரவிட்டு, மீண்டும் பூசினால் போதும்.

பாதுகாப்பு

வன்மையாக்கி கலந்து பயன்படுத்தும் இருகூறுப் பூச்சுகளில் ஐசோசயனேட்டுகள் உள்ளன. இவற்றின் நுண்துளிகளைச் சுவாசிப்பதால் நிலையான ஈழை நோய் (ஆசுத்துமா) ஏற்படலாம். ஒருமுறை ஒவ்வாமை தோன்றியபின் மிகச் சிறிய அளவும் இடர் தரும். இப்பூச்சுகளைத் தெளிப்போர் வெளியிலிருந்து தூய காற்று வழங்கப்படும் முகமூடியை அணிய வேண்டும். துணியும் தூசிக்கவசமும் இதற்குப் போதா. பழைய வண்டிகளின் பூச்சில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் தேய்க்கும் தூசியையும் தவிர்க்க வேண்டும். துத்தநாகம் பூசிய தகட்டைப் பற்றவைக்கும்போது எழும் புகை காய்ச்சலை உண்டாக்கும்.

கட்டமைப்பு வலு

பெரும்பாலான தற்காலத் தானுந்துகளுக்குத் தனிச் சட்டகம் கிடையாது. தகடுகளால் ஆன உடலே சுமையைத் தாங்குகின்றது. ஆகவே அடிச்சட்டம், தூண்களின் அடிப்பகுதி ஆகியவற்றில் தோன்றும் கொப்புளம் அழகைப் பற்றிய சிக்கலாக மட்டும் இருப்பதில்லை. மோதலின்போது இப்பகுதிகள் மடங்கினால் உள்ளிருப்போர் காயமடைவர். ஐக்கிய இராச்சியத்தின் எம்.ஓ.டி. சோதனையில், இருக்கை வார், தொங்கல் அமைப்பு முதலியன பொருத்தப்பட்டுள்ள இடங்களிலிருந்து 30 சென்டிமீட்டருக்குள் வலுவைக் கணிசமாகக் குறைக்கும் துரு இருந்தால் வண்டி தேர்ச்சி பெறாது.

பயன்படுத்திய வண்டியை விற்கும் முன் துருவைப் பட்டியால் மூடி வண்ணம் பூசுவதும் உண்டு. வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளின் உட்குழிவுகளில் சேறு தங்கிவிடுவதால், வெளிப்புறம் புதிதாகத் தெரிந்தாலும் துரு உள்ளிருந்து வளரும். 2015 திசம்பர் மாதச் சென்னை வெள்ளத்தைப் போன்ற நிகழ்வுகளுக்குப் பின் விற்பனைக்கு வரும் வண்டிகளில், அடிச்சட்டத்தையும் கதவின் கீழ்விளிம்பையும் காந்தத்தாலும் தடிப்புமானியாலும் சோதித்து வாங்குவது நன்று.

தடுப்பு

கல் தெறித்த புள்ளிகளை உடனே தொட்டுப் பூசுதல், வடிகால் துளைகளைத் தூய்மையாக வைத்தல், சக்கர வளைவுகளின் உட்புறத்தை நீரால் கழுவுதல் ஆகியன கொப்புளத்தைப் பெரிதும் தடுக்கும். கடற்கரைப் பகுதிகளில் காற்றிலுள்ள உப்பினால் இக்கவனம் கூடுதலாகத் தேவைப்படுகின்றது. காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வகம், உலோகங்களும் பூச்சுகளும் கடற்காற்றைத் தாங்கும் தன்மையை இராமேசுவரத்துக்கு அருகிலுள்ள மண்டபத்தில் நெடுங்காலமாக ஆய்ந்து வருகின்றது.

இவற்றையும் பார்க்க

* துரு
* அரிமானம்
* சவ்வூடு பரவல்
* துத்தநாகப் பூச்சு